சின்னக் கட்டிலின் விலை

ஆஹென் நகரிலிருந்து ஹொலண்ட் எல்லைக்குப் போகும் பெருந்தெருவில், பஸ் தரிப்புக்கு நேர் எதிரே, கம்பிவேலி போட்ட ஒரு பெரிய வளவு இருந்தது. உள்ளே முழுக்க வெள்ளை வெள்ளையாக வீட்டு வண்டிகள். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போய், ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ நிறுத்தி, அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழும்பும் வண்டிகள். வோன்வாகன் என்பார்கள். சொந்தமாக நல்ல வீடு வைத்திருக்கிறவன் விடுமுறை வந்ததும் எதற்காக ஒரு பெட்டிக்குள் போய்ப் படுக்கிறான் என்று எனக்கு விளங்கியதே இல்லை. நாங்கள் பெட்டி மாதிரி அறைகளிலிருந்து வெளியே வருவதற்கு வருடக்கணக்காகப் பாடுபட்டவர்கள்.

என் மனைவி அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தாள். வேலை முடிந்ததும் அந்தத் தரிப்பில்தான் பஸ்ஸுக்கு நிற்பாள். எண்பத்தெட்டாம் ஆண்டு கோடையில் ஒருநாள், என்னுடைய வேலை நேரத்தோடு முடிந்ததால், அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வரப் போனேன். தரிப்பில் அவளைக் காணவில்லை. தெருவைக் கடந்து போய், வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சாருங்கோ,” என்றாள், திரும்பிப் பார்க்காமலே. “உதுக்குள்ள ஒருக்காப் போய்ப் பாக்கலாமோ?”

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். அவள் ஜெர்மனிக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்த இரண்டு வருடத்தில் அவள் வாய் திறந்து என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. குளிருக்குச் சப்பாத்துகூடக் கேட்டதில்லை. நான் வாங்கிக் கொடுத்ததைப் போட்டாள், கொண்டுவந்து வைத்ததைச் சமைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். வீட்டில் ஒரு நல்ல வாடகையாளர் இருப்பது மாதிரி இருந்தாள். அதனால், அவள் பெரிய விமானம் ஒன்றைக் காட்டி உள்ளே பார்க்கலாமோ என்று கேட்டிருந்தாலும் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வளவு அன்றைக்குப் பூட்டியிருந்தது. சனிக்கிழமை வருவோம் என்றேன். அவள் தலையாட்டினாள். காரில் வரும்போது, “புதுசுதான் வேணும்,” என்றாள். “ஆரும் படுத்தெழும்பினது வேண்டாம்.”

எங்கள் வீட்டில் சோறாக்கும் பானையும் பல் துலக்கும் பிரஷும்தான் புதிதாக வாங்கியவை. கட்டில் தேவாலயத்துக்காரர் கொடுத்தது. மேசையும் கதிரைகளும் பழைய சாமான்களைத் தெருவில் எறியும் நாளில் நான் தூக்கி வந்தவை. எங்களுடைய கார்கூட என்னோடு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்த ஜெர்மன்காரர் ஒருவர் பாவித்துக் கழித்ததுதான். ஆனால் அதன் பின்பக்கத்தில், வண்டி இழுக்கும் கொளுக்கி பூட்டியிருந்தது. மூன்று வருடமாக அந்தக் கொளுக்கி என் முழங்காலைப் பதம் பார்த்ததைத் தவிர வேறெந்தப் பயனும் தந்ததில்லை. இப்போது அதற்கும் வேலை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்தில், விலை பேசுவதில் என் மனைவியை வெல்ல ஆளில்லை. கலியாணம் முடித்த முதல் வருடம் பட்டணத்துக்குத் தையல் மெஷின் வாங்கப் போனோம். போகும்போதே எனக்குப் பாடம் எடுத்தாள். “நீங்கள் ஆசைப்படுகிற ஆள். நான் குறை சொல்லுற ஆள். நான் என்ன சொன்னாலும் நீங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிண்டால் காணும்.” கடைக்குள் போனதும் மெஷினைச் சுற்றிவந்தாள். சில்லு கீச்சிடுகிறது என்றாள். கால் ஆடுகிறது என்றாள். மெஷின்மேல் ஒட்டியிருந்த பூப்படத்தில் ஒரு இதழைக் காணவில்லை என்றுகூடச் சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. பிறகு தன் விலையைச் சொல்லிவிட்டு, “வாங்கோ போவம்,” என்று விறுவிறு என்று தெருவில் இறங்கி நடந்தாள்.

“இனிக் கடைக்காரர் கூப்பிடமாட்டார்,” என்றேன் நான், பின்னால் ஓடிக்கொண்டே.

“திரும்பிப் பாக்காதேங்கோ. மூண்டாவது கடையைத் தாண்ட முந்திக் கூப்பிடுவார்.”

மூன்றாவது கடை ஒரு புடவைக்கடை. அதன் வாசலில் கால் வைக்கும்போது பின்னால் குரல் கேட்டது. “தங்கச்சி, கொஞ்சம் நில்லும், வாரும் கதைப்பம்.” அவள் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அப்படி ஒரு கர்வம். அந்த மெஷினில்தான் பிறகு எங்கள் மகளுக்குச் சட்டை தைத்தாள்.

ஆகவே சனிக்கிழமைக்கு நான் ஆயத்தமானேன். எங்கள் ஆட்கள் சேர்ந்து போட்ட சீட்டில் என்னுடைய முறை வந்து கொஞ்சக் காசு கையில் இருந்தது. தொழிற்சாலையில் எனக்குக் கார் விற்றவர் முப்பது வருடமாக இந்த வண்டிகளோடு கடற்கரைக்குப் போய்வருகிற ஆள். அவரிடம் விசாரித்தேன். வண்டி செய்கிற இடத்திலிருந்து கடைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கூலி என்று விலைக்கு மேலே ஒரு தொகை போடுவார்கள், அதை முதலில் கேள் என்றார். போன வருட வண்டி இன்னும் நிற்கிறதா என்று பார், இலையுதிர் காலத்தில் புது மொடல் வந்துவிடும், பழையது நிற்க நிற்க அவர்களுக்குத்தான் நட்டம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

“விலையில் என்ன செய்யலாம் என்று ஒரே ஒருதரம் கேள். பிறகு வாயை மூடிக்கொண்டு நில். உங்கள் ஊர்ச் சந்தை மாதிரிப் பேசிக்கொண்டே நிற்காதே.”

முதல் பாதியை நன்றாகக் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது பாதியையும் கேட்டிருக்கலாம்.

வியாபாரி அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர். காற்சட்டையைத் தோள்பட்டியால் இழுத்துக் கட்டியிருந்தார். எங்களைக் கண்டதும் வழி தவறி வந்தவர்கள் என்று நினைத்திருப்பார். ஆனால் முகத்தில் காட்டவில்லை. முன்வரிசையில் இருந்த சின்ன வண்டி ஒன்றின் கதவைத் திறந்துவிட்டு, பாருங்கள் என்று ஒதுங்கி நின்றார். அதன் சில்லுகளைச் சுற்றிப் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. போன வருட வண்டி, அசையாமல் நிற்கிறது. எனக்கு உள்ளே ஒரே குஷி.

என் மனைவி சப்பாத்தைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே ஏறினாள். வியாபாரி அந்தச் சப்பாத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

உள்ளே எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு எரிவாய் உள்ள அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடித்து விரித்தால் கட்டிலாகும் இருக்கை, மேலே சின்னச் சின்ன அலுமாரிகள். பின்பக்கத்தில், யன்னலோடு ஒட்டி, ஒரு குழந்தைக் கட்டில். தடுப்புப் பலகை போட்டு, மஞ்சள் நிற மெத்தை வைத்து, தலைமாட்டில் சின்ன விளக்கோடு இருந்தது. அவள் அடுப்பைப் பார்க்கவில்லை. அலுமாரியைத் திறக்கவில்லை. நேராகப் போய் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். பிறகு கையை விரித்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் சாண் சாணாக அளந்தாள்.

நான் கண்டேன். கண்டும், சாமானைச் சோதிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இதோ குறை வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

வெளியே விலைச்சீட்டில் பதினோராயிரத்துத் தொளாயிரம் மார்க் என்று போட்டிருந்தது. கொண்டுவந்த கூலி நானூற்றைம்பது வேறு. விலையில் என்ன செய்யலாம் என்று ஒருதரம் கேட்டேன். அவர் யோசித்தார். கூலியை விட்டுவிடலாம் என்றார். இவ்வளவில் வாயை மூடியிருக்க வேண்டும். நான் புல்லைக் காட்டினேன். இலையுதிர் காலத்தைச் சொன்னேன். காசாகத் தருவேன் என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்த வண்டிக்கு இதுதான் நியாயமான விலை, இதற்குமேல் இறங்க இடமில்லை என்றார்.

நான் கதவுக்குள் தலையை நீட்டினேன். “என்னப்பா, ஏதும் குறை இருக்கோ?”

அது எங்களுடைய பழைய சைகை. இப்போது அவள் எழும்பி, கதவு இறுக்கமாக இருக்கிறது, மெத்தை மெல்லிசு, தண்ணீர்க் குழாய் சிறிது என்று அடுக்கவேண்டும். மொழி விளங்காவிட்டாலும் குரலிலேயே விஷயம் விளங்கும்.

அவள் கட்டிலில் வைத்த கையை எடுக்கவில்லை. “ஒரு குறையும் இல்லை,” என்றாள்.

எனக்குப் பொல்லாத எரிச்சல் வந்தது. உண்மையைச் சொல்லவேண்டும். இரண்டு வருடம் வாயே திறக்காதவள், திறக்கவேண்டிய நேரத்தில் இப்படிச் சொல்கிறாளே என்று எரிச்சல். சரி, நீர் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று, அவளுடைய பங்கையும் நானே எடுத்துக்கொண்டேன். வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் நல்லாகத்தான் இருந்தது. கண்ணில் பட்டது அந்தக் கட்டில்.

“அந்தக் குழந்தைக் கட்டில் எங்களுக்குத் தேவையில்லை,” என்றேன் ஜெர்மன் மொழியில். “எங்களுக்குப் பிள்ளை இல்லை. தேவையில்லாத சாமானுக்கு நாங்கள் எதற்காகக் காசு கொடுக்கவேண்டும்?”

வியாபாரியின் முகம் மலர்ந்தது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். பின்வரிசையில் இதே வண்டி இன்னொன்று நிற்கிறது, கட்டில் இருக்கிற இடத்தில் உடுப்பு அலுமாரி, எழுநூறு மார்க் குறைவு, கூலியும் இல்லை. இரண்டு பேருக்கு அதுதான் தோது. பதினோராயிரத்து இருநூறு, நம்பர் தகடு போட்டுக் கையில் தருவேன் என்றார். பின்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அலுமாரி நல்ல அலுமாரிதான். நான் திங்கட்கிழமை காசோடு வருவதாகச் சொன்னேன். அவர் கை கொடுத்தார். எழுநூறும் நானூற்றைம்பதும் ஆயிரத்து நூற்றைம்பது என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டே திரும்பிவந்தேன்.

முன்வரிசை வண்டிப் படியில் சப்பாத்து இல்லை. அவள் எங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

கார் வெளிக்கிட்டதும் கேட்டாள்.

“எவ்வளவு குறைச்சனீங்கள்?”

“எழுநூறு. கூலி நானூற்றைம்பது வேற.”

“எழுநூறு, பிள்ளை இல்லை எண்டதுக்கோ?”

அவளுக்கு ஜெர்மன் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவளுக்கு, பிள்ளை என்ற சொல்லும் இல்லை என்ற சொல்லும் தெரியாமல் இருக்குமா? நான் காரை ஓரமாக நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. சிவப்பு விளக்குகளில் மட்டும் நின்று, பச்சை வந்ததும் எடுத்து, ஒழுங்கான சாரதியாக வீடு வந்து சேர்ந்தேன்.

இனி மகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நான் எண்பத்து நாலில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவளுக்கு ஒன்றரை வயது. நடப்பாள், ஆனால் திரும்பத் தெரியாது. சுவர் வந்தால் முட்டிக்கொண்டு நின்று அழுவாள், யாராவது போய்த் திருப்பி விடவேண்டும். எண்பத்தைந்து கடைசியில் எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. உடனே மனைவியையும் பிள்ளையையும் எடுப்பிக்க அன்ட்ராக் போட்டேன். அந்த விண்ணப்பப் படிவத்தில் இரண்டு பெயர்களை எழுதினேன். அடுத்த வருடம் தொடக்கத்தில் ஊரிலிருந்து மைத்துனரின் கடிதம் வந்தது. காய்ச்சல், இரண்டு நாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் சரிவரவில்லை என்று நாலு வரி எழுதியிருந்தார். கடிதம் வந்து சேரும்போது முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்துவிட்டது.

அந்தக் கிழமையே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு டெர்மின் இருந்தது, நாள் குறித்து வரச் சொல்லியிருந்தார்கள். போகாமல் விட்டால் மனைவியின் அலுவலும் தள்ளிப்போகும். போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு விஷயத்தைச் சொல்லவேண்டும். என்னிடம் அப்போது இருந்த ஜெர்மன் கொஞ்சம். இறந்துபோதல் என்ற வினையை எப்படி இறந்தகாலத்தில் சொல்வது என்று தெரியவில்லை. அதனால், தெரிந்த மாதிரிச் சொன்னேன். பிள்ளை இல்லை என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். மூன்றாம் தரம் விளங்கியது. தன் அனுதாபத்தைச் சொன்னாள். பிறகு அடிமட்டத்தை எடுத்து, மகளின் பெயருக்கு மேலே வைத்து, நேராக ஒரு கோடு கீறினாள். கோணலாகப் போகக்கூடாது என்று கவனமாகக் கீறினாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ படிவங்களில், எத்தனையோ மேசைகளில் அந்தக் கேள்வி வந்தது. பிள்ளைகள்? இல்லை. வீட்டுக்கு வாடகைப் பத்திரம் எழுதும்போது, காப்புறுதிக்கு, வரிக்கு. ஜெர்மன் மொழியில் அந்த வசனம் எனக்கு வலிக்காமல் போய்விட்டது. பேர், பிறந்த திகதி சொல்வதுபோலச் சொல்லிவிடுவேன். தமிழில் நான் அதை ஒருதரமும் சொன்னதில்லை.

எண்பத்தாறு கடைசியில் மனைவி விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். ஒரு சூட்கேஸ். நான் அதை வாங்கிக்கொண்டு, “பிரயாணம் கரைச்சலோ, சாப்பிட்டனீரோ?” என்று கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த கேள்விக்காக நின்றாள் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. களைத்து வந்திருக்கிறாள், நாளைக்குக் கேட்போம் என்று விட்டேன். நாளைக்கும் விட்டேன். ஞாபகப்படுத்தாதே, தானாக ஆறும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் புத்தி சொன்னார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. கோழை என்று சொன்னாலும் சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, “நாளைக்குப் போய் அந்தக் கட்டில் உள்ளதையே எடுப்பம்,” என்றேன்.

“கட்டிலுக்கில்லை.”

“பின்னை?”

“அந்த மனுசனுக்குச் சொன்னீங்கள் எல்லோ, பிள்ளை இல்லை எண்டு.” கத்தியைக் கீழே வைத்தாள். “எனக்கு நீங்கள் அவளைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நான் வந்த நாள் தொட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறன். என்ன நடந்தது எண்டு ஒருக்காலும் கேட்கேல்லை. உங்கட வாயாலை அவளைப் பற்றி நான் கேட்ட முதல் கதை, விலை குறைக்கச் சொன்ன கதை.”

அவள் கத்தவில்லை, அழவில்லை. வெங்காயத்தை மறுபடி எடுத்து உரித்தாள். நான் போய் அறைக்குள் இருந்தேன். அப்போதும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வளவுக்குப் போனேன். வியாபாரி பின்வரிசை வண்டியின் பத்திரங்களை ஆயத்தமாக வைத்திருந்தார். அது வேண்டாம், முன்னால் நிற்பது வேண்டும் என்றேன். கட்டில் உள்ளதா என்றார். ஆம் என்றேன். சரி, கூலியை விட்டுத் தருகிறேன் என்று எழுதப் போனார்.

“இல்லை,” என்றேன். “விலைச்சீட்டில் உள்ள விலை. கூலியும் சேர்த்து.”

அவர் பேனையை வைத்துவிட்டார். நாற்பது வருடமாக வியாபாரம் செய்கிறேன், விலையைக் கூட்டச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை என்றார். கூலியை விடுவதாகச் சனிக்கிழமை சொன்னது நான், சொன்ன விலைதான் நியாயமான விலை, அதற்குமேல் எடுத்தால் எனக்கு அது சரியாக இருக்காது என்றார். நாங்கள் இரண்டு பேரும் மறுபடி விலை பேசினோம். இந்த முறை நான் ஏற்ற, அவர் இறக்க. வேறொரு நாளாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

கடைசியில் அவர் கேட்டார், “உங்களுக்குப் பிள்ளை இல்லை என்றீர்களே?”

“ஒரு மகள் இருந்தாள்,” என்றேன். “மூன்று வயதில் இறந்துவிட்டாள்.” அதற்குள் அந்த வினையை இறந்தகாலத்தில் சொல்லப் பழகியிருந்தேன். “சனிக்கிழமை நான் விலைக்காக அவளைச் சொன்னேன். அந்தக் காசு எனக்கு வேண்டாம்.”

அவர் பேனையை மறுபடி எடுத்தார். பிறகு பன்னிரண்டாயிரத்து முந்நூற்றைம்பது என்று எழுதினார். கையெழுத்து வைத்தேன். அடுத்த கிழமை வண்டியை எடுக்கப் போனபோது, கேட்காமலே காஸ் சிலிண்டர் இரண்டையும் நிரப்பி வைத்திருந்தார். சில்லைச் சுற்றியிருந்த புல்லையும் வெட்டியிருந்தார்.

அவள் வருவாளா மாட்டாளா என்று எனக்கு நிச்சயமில்லை. வந்தாள். ஐஃபெல் மலைப் பக்கத்தில் ஒரு ஏரி இருக்கிறது. ஆஹெனிலிருந்து ஒரு மணித்தியாலம். வண்டியை இழுத்துக்கொண்டு வளைவுகளில் திரும்ப எனக்குத் தெரியவில்லை, அதனால் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பின்னால் வந்த கார்க்காரர் எல்லோரும் எங்களைச் சபித்திருப்பார்கள். ஏரிக்கரையில் நிறுத்தி, வண்டியின் தாங்கு கால்களை இறக்கி மட்டம் பார்க்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஓடி வந்து கதவைச் சாத்தினோம்.

அவள் தன் பையைத் திறந்து ஒரு துணியை எடுத்தாள். பழைய வாயில் சேலை, நாலாக வெட்டி ஓரம் தைத்தது. அதை மஞ்சள் மெத்தைமேல் விரித்து, மூலைகளைச் செருகினாள். அந்தச் சேலையை எனக்குத் தெரியும். ஊரில் மகளுக்கு ஏணை கட்டித் தாலாட்டினது. அதற்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டாள். நான் தேத்தண்ணி வைத்தேன். அந்த அடுப்பில் முதலில் செய்தது அதுதான்.

“கடைசியா எவ்வளவு குறைச்சனீங்கள்?” என்று கேட்டாள்.

“ஒண்டும் குறைக்கேல்லை. போட்டிருந்த விலை, கூலியோட.”

என்னை நிமிர்ந்து பார்த்தாள். மழை கூரையில் விழுந்து பெரும் சத்தமாக இருந்தது. இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்கமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

“பிள்ளைக்கு என்ன நடந்தது? சொல்லும்,” என்றேன்.

அவள் உடனே தொடங்கினாள். இரண்டு வருடமாக வாயில் வைத்துக்கொண்டே இருந்தவள் மாதிரி, தேடாமல், தடுமாறாமல் சொன்னாள். முதல் நாள் காய்ச்சல். இரண்டாம் நாள் பின்னேரம் பிள்ளையின் கண் மேலே செருகத் தொடங்கியது. ஆறு மணிக்கு ஊரடங்கு. மேலே ஆமியின் ஹெலி சுற்றிக்கொண்டிருந்தது. தமையன் வீட்டில் இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாடகைக் கார் வைத்திருந்தவனின் வீட்டுக்கு ஓடினாள்.

“முந்நூறு கேட்டவன். மற்ற நாளையிலை எழுவத்தஞ்சு. என்ரை வாய் தன்ரை பாட்டிலை இருநூறு எண்டிட்டுது. ஏலாது எண்டான். நான் நடந்தனான்.”

“நடந்தனீரோ?”

“ஓம். மூண்டாவது வீட்டைத் தாண்ட முந்திக் கூப்பிடுவான் எண்டு.” சேலையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள். “கூப்பிடேல்லை. ஒழுங்கை முடியுமட்டும் போய் நிண்டனான். திரும்பிப் போனால் முந்நூறிலையே நிப்பான் எண்டு நிண்டனான். பத்து நிமிசம் இருக்கும். பிறகுதான் கூப்பிட்டவன். இருநூற்றம்பதுக்கு வந்தவன்.”

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தும்போது பிள்ளை மடியில் இருந்தாள். உள்ளே கொண்டு போனபோது இல்லை.

“டொக்டர் ஏதும் சொன்னவரோ? முந்திக் கொண்டந்திருந்தால் எண்டு?”

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அந்தப் பத்து நிமிசத்தை நான்தான் எண்ணிக்கொண்டிருக்கிறன்.”

எனக்குத் தையல் மெஷின் கடையும் மூன்றாவது புடவைக்கடையும் அவள் திரும்பிப் பார்த்த பார்வையும் நினைவுக்கு வந்தன. சனிக்கிழமை வண்டிக்குள் இருந்துகொண்டு ஒரு குறையும் இல்லை என்று அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. நான் அவள்மீது எரிச்சல்பட்டதும் வந்தது. அவள் அழவில்லை. அழுததெல்லாம் நான்தான். அவள் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தாள்.

“ஐம்பது ரூபா குறைச்சனான்,” என்றாள் பிறகு. “அந்த ஐம்பது ரூபாயிலை பிறகு என்ன வாங்கினன் எண்டு எவ்வளவு யோசிச்சுப் பாத்தும் ஞாபகம் வருகுதில்லை.”

பத்து நிமிடத்தால் ஒன்றும் மாறியிராது என்று சொன்னேன். அது உண்மையா என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அவள் கேட்கும்போதெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு சொல்லும் குறைக்காமல்.